அடிக்குக் காசு

ஆடிப் பதினெட்டுக்கு அனுமன்தீர்த்தம் போய்த் தென்பெண்ணையில் முழுகிவிட்டு, ஊத்தங்கரை ரோட்டில் ஒரு கடையோரம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அக்கா மகன் கேட்டான்: "மாமா, நானும் போர் வண்டிக்கு வந்துடட்டுங்களா?"

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த பையன். ஓசூரில் ஒரு கம்பெனியில் 11 மாதம் ஷிப்ட் பார்த்தான். ஒரு வருஷம் ஆவதற்குள் கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அக்கா என்னை முறைத்தாள், நான்தான் ஏதோ ஆசை காட்டிவிட்டேன் என்று. "ஏற்கெனவே ஒருத்தன் ராத்திரியெல்லாம் பேய் மாதிரி சுத்தறான், அது போதாதா" என்று அம்மா தனியாகப் புலம்பினாள்.

ஆழ்துளைக் கிணறு போடுகிற இந்தப் போர் வண்டித் தொழிலில் எனக்கு 19 வருஷம். ஹெல்ப்பராக ராடு (துளைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குகிற இரும்புக் குழாய்) மாட்டினேன், டிரில்லராக லீவர் பிடித்தேன். இப்போது காரிமங்கலம் பக்கம் ஏஜென்ட். ஒரு வண்டியில் பாதிப் பங்கும், அந்தப் பாதிக்கு உண்டான கடனும் உண்டு. அவனுக்கு அன்றைக்கு வாயால் சொன்னது கொஞ்சம்தான். மீதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். போர் போடப் போகிறவர்களுக்கும் உதவட்டும்.

முதலில் நம்ம ஊர் மண். மண் என்றே சொல்லக்கூடாது, பாறைக்கு மேல் போர்த்திய போர்வை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பெரும்பகுதிக்குக் கீழே இருப்பது நைஸ், சார்னோகைட், கிரானைட் என்று பாடப்புத்தகம் சொல்லும் பழங்காலத்துக் கடினப் பாறை. எங்களுக்கு எல்லாமே கருங்கல், வெள்ளைக்கல், ஓடக்கல். மழை வருஷத்துக்கு 850 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது. பெய்ததில் கொஞ்சம் மக்கிய பாறைக்குள் இறங்கும். அதிலும் கொஞ்சம் வெடிப்பு வழியாக அடிப்பாறைக்குப் போகும். கீழே ஆறு ஓடுகிறது, ஏரி கிடக்கிறது என்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய. அப்படி ஒன்றும் இல்லை. கையளவு, விரலளவு, சில இடத்தில் நகக்கண் அளவு வெடிப்புகள். அந்த வெடிப்பைத்தான் ஆறரை அங்குலத் துளையால் குத்தித் தேடுகிறோம். அதனால்தான் பக்கத்து வயலில் மூணு இன்ச் தண்ணீர் (இன்ச் கணக்கைப் பின்னால் சொல்கிறேன்) வந்த இடத்திலிருந்து 30 அடி தள்ளிப் போட்ட போர் வெறும் கல் பொடிப் புகையோடு நின்றுபோகும். இதில் யார் செய்த பாவமும் கிடையாது.

எங்கள் தாத்தா காலத்தில் 40 அடிக் கிணறு, மாடு கட்டி இறைக்கிற கவலை. அப்பா காலத்தில் அதே கிணற்றை வெடி வைத்து 90 அடி ஆக்கினார்கள். அப்புறம் கிணற்றுக்குள் மெஷினை இறக்கிப் பக்கச் சுவரில் சைடு போர் ஓட்டினார்கள். கடைசியில் வண்டி வந்தது. இப்போது அந்தக் கிணற்றில் புறாக்கள் குடியிருக்கின்றன. அதன் பக்கத்திலேயே நாங்கள் போட்ட போர் 580 அடி.

வேலைக்கு வருகிறேன் என்பவனுக்கு முதல் வேலை வண்டியில் இல்லை. டூ வீலரை எடுத்துக்கொண்டு பகலில் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வருவதுதான். வண்டி என்றால் ஒன்றல்ல, இரண்டு. ஒன்றில் துளை போடுகிற ரிக்கும் காற்றை அழுத்தித் தருகிற கம்ப்ரசரும், இன்னொன்றில் ராடு, மேல்மண் சரியாமல் துளைக்குள் இறக்குகிற கேசிங் பைப், டீசல், ஆட்களின் சட்டி பானை. இரண்டும் வரப்பில் இறங்கித் திரும்ப இடம் வேண்டும். முந்தின வாரம் மழை பெய்திருந்தால் சேற்றில் புதைந்துவிடும். ஜேசிபி கூப்பிட்டு இழுத்தால் அன்றைக்கு லாபம் அங்கேயே போச்சு. தலைக்கு மேல் கரண்ட் கம்பி போகிறதா என்று பார்க்க வேண்டும். ராடைத் தாங்குகிற கம்பம், மாஸ்ட் என்போம், அது நிமிரும்போது கவனம் தப்பினால் ஆளே கிடைக்க மாட்டான். செப்டிக் டேங்க் எங்கே, பக்கத்துக் காட்டுக்காரர் போர் எத்தனை அடி, எந்த அடியில் தண்ணீர் பட்டது, இந்தக் கோடையில் நின்றதா, ஓடியதா. டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இதெல்லாம் காசில்லாமல் கிடைக்கும். பஞ்சாயத்து அனுமதி இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். ராத்திரி கேட்டால் "இருக்குதுப்பா, நீ போடு" என்பார்கள்.

இன்னொன்றையும் பார்ப்பேன், இது எனக்கு ஒரு பழைய டிரில்லர் அண்ணன் சொல்லிக்கொடுத்தது. நம்ம பக்கம் காட்டுக்குக் குறுக்கே கருப்பு உருண்டைக் கற்கள் ஒரே கோடாகக் கிடக்கும், மைல் கணக்கில். டைக் என்பார்கள். பழைய பாறையின் பிளவில் உருகிய குழம்பு ஏறி இறுகிய சுவர். கருப்புக் கிரானைட் என்று அறுத்துக் கப்பல் ஏற்றுகிறார்களே, அதில் பெரும்பகுதி இந்தச் சுவர்தான். மண்ணுக்குள் அது அணை மாதிரி வேலை செய்யும். சரிவில் மேல்பக்கம் தண்ணீரைத் தேக்கும், கீழ்ப்பக்கம் காய வைக்கும். கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரியாமல் போர் போட்டுவிட்டுச் சாமியைத் திட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

நீரோட்டம் பார்க்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளங்கையில் தேங்காய் நிமிரும், வேப்பங்குச்சி சுழலும், எலுமிச்சம்பழம் உருளும். நான் சண்டை போடுவதில்லை. சுண்ணாம்பில் கட்டம் போட்டு வைத்திருக்கிற இடத்தில் வண்டியை நிறுத்துவேன். ஆனால் 19 வருஷத்தில் நான் பார்த்தவரை, தேங்காய் நிமிர்ந்த இடத்துக்கும் நிமிராத இடத்துக்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லை. கம்பி நட்டுக் கரண்ட் விட்டுப் பார்க்கிற மெஷின் அதைவிட மேல். மண்ணுக்குள் கரண்ட் எவ்வளவு தடைபடுகிறது என்று அளந்து, பாறை எவ்வளவு ஆழம் வரை மக்கியிருக்கிறது, எங்கே நெகிழ்வு என்று சொல்லும். ஈரக் களிமண்ணும் அதற்குத் தண்ணீர் மாதிரிதான் தெரியும். அதனால் பொய்த்துப்போவதும் உண்டு. "சார், கண்டிப்பா ரெண்டு இன்ச்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற ஆளிடம் மட்டும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வண்டி வந்து நின்றதும் ஜாக்கி போட்டு ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். சோம்பேறித்தனம் ஆரம்பிக்கிற இடம் அதுதான். மேலே அரை விரல் சாய்ந்தால் 500 அடிக்குக் கீழே எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். துளை கோணினால் அப்புறம் மோட்டார் இறங்காது, இறங்கினால் ஏறாது.

முதலில் பாறையைக் குடைகிற முனையான பிட்டில் பெரியதை மாட்டி மேல்மண்ணையும் மக்கின பாறையையும் ஓட்டி, கெட்டிப் பாறை தட்டின பிறகு கேசிங் இறக்குவோம். பிவிசி பைப், 20 அடி ஒன்று. பார்க்க ஒன்றும் இல்லாத வேலை, யாரும் போட்டோ எடுப்பதில்லை. ஆனால் போரின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. கேசிங் கெட்டிப் பாறைக்குள் கொஞ்சம் புகுந்து உட்கார வேண்டும். முன்னமே நிறுத்தினால் பைப்புக்குக் கீழே இருக்கிற மொரமொரப்புப் பாறை கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து மோட்டார் தலையில் விழும். நானே செய்திருக்கிறேன். டிரில்லராகி இரண்டாவது வருஷம், பாலக்கோடு பக்கம் ஒரு தக்காளிக் காட்டில். லாரியில் ஒரு பைப் குறைந்தது. விடியப்போகிறது, ஆட்களுக்குத் தூக்கம். "பாறை வந்துடுச்சு" என்று சொல்லி நிறுத்திவிட்டேன். வந்தது பாறை இல்லை, நடுவில் கிடந்த ஒரு குண்டு. நாற்பதே நாளில் சரிந்து மோட்டார் மாட்டிக்கொண்டது. அந்த விவசாயி என்னிடம் வந்து சண்டை போடவில்லை. சந்தையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான். ராயக்கோட்டை மண்டியில் தக்காளிக் கூடையோடு யார் நின்றாலும் எனக்கு அவர் மாதிரியே தெரியும்.

கேசிங் முடிந்ததும் ஹேமர் இறங்கும். ராடு முனையில் ஹேமர், அதன் முனையில் பிட், பிட்டின் முகத்தில் டங்ஸ்டன் கார்பைடு பொத்தான்கள். கம்ப்ரசர் காற்று ராடு வழியாகக் கீழே போய் ஹேமரை அடிக்க வைக்கும். அதே காற்று பொடித்த கல்லைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். இதைப் படிக்கிற இன்ஜினியர்கள் டிடிஎச் (டவுன் தி ஹோல், துளைக்குள்ளேயே போய் அடிக்கிற ஹேமர்) என்பார்கள். திருச்செங்கோட்டுக்காரர்கள் இந்த வண்டியோடு ராஜஸ்தான் வரைக்கும் போய்வருகிறார்கள். எங்கள் வண்டியும் அங்கே கட்டினதுதான். ஹெல்ப்பர்கள் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பையன்கள். தமிழ், இந்தி, கை ஜாடை மூன்றும் சேர்ந்த ஒரு பாஷை வண்டியில் ஓடும். கம்ப்ரசர் சத்தத்தில் கை ஜாடைதான் கடைசியில் நிற்கும்.

டிரில்லரின் திறமை என்ன என்று மருமகன் கேட்டான். லீவரை எவனும் பிடிக்கலாம். காதும் மூக்கும் விரல் நுனியும் வேண்டும். கெட்டிப் பாறையில் ஹேமர் ஒரே தாளத்தில் அடிக்கும், பறைக்கு வார் பிடித்த மாதிரி. வெடிப்பு வந்தால் தாளம் தட்டும். ராடு ஒரு குலுக்குக் குலுக்கிச் சட்டென்று அரை அடி தானாக இறங்கும். பிரஷர் மீட்டர் முள் ஆடும். "கேப்" என்று கத்துவோம். அப்போது கீழே ஓடிப்போய்ப் புகையில் கையை நீட்ட வேண்டும். கல் பொடியைப் புகை என்றுதான் நாங்கள் சொல்வது. மாவு மாதிரி நைசாக வந்தால் பாறை கெட்டி, ஒட்டும் வெடிப்பும் இல்லை. அரிசி நொய் மாதிரி சில்லு சில்லாக வந்தால் பிட் நன்றாக அறுக்கிறது. சில்லின் ஒரு பக்கம் செங்காவியாகத் துரு ஏறியிருந்தால் என் மனசு கொஞ்சம் துள்ளும். இரும்பு துருவேற அங்கே தண்ணீர் நடமாடியிருக்க வேண்டும். இப்போதும் நடமாடுகிறதா, எப்போதோ நடமாடினதா என்பது வேறு கேள்வி. ஒவ்வொரு ராடுக்கும் ஒரு பிடி பொடியை எடுத்து வரிசையாகக் குவித்து வைக்கச் சொல்வேன். விடியும்போது அந்தக் குவியல் வரிசையைப் பார்த்தால் 600 அடிப் பாறையும் வரப்பில் படுத்துக் கிடக்கும்.

புகை ஈரமாகிற நேரம்தான் எல்லோரும் காத்திருப்பது, ஆபத்தும் அப்போதுதான். தண்ணீர் பீறிட்டால் பிரச்சினை இல்லை, அதுவே பொடியைக் கழுவிவிடும். கசிவு கொஞ்சமாக இருந்தால் பொடி ராகிக் களி பதத்துக்கு வந்து, துளைச் சுவருக்கும் ராடுக்கும் நடுவே கழுத்தில் வளையம் கட்டின மாதிரி இறுகிக்கொள்ளும். கவனிக்காமல் அடித்துக்கொண்டே போனால் ராடு, ஹேமர், பிட் எல்லாம் கீழேயே தங்கிவிடும். லட்சக்கணக்கில் போகிற கணக்கு அது. அதனால் லேசான ஈரம் கண்டதும் மேலிருந்து காற்றோடு தண்ணீர் விட வேண்டும், சோப்புத் தூள் கலந்து விடுவதும் உண்டு. நுரை கட்டிப் பொடியைத் தூக்கிவரும். "என்னப்பா, போருக்குக் குளிப்பாட்டுறியா?" என்று கேட்காத பெரியவர் இல்லை.

பிட் விஷயம் ஒன்று, மெக்கானிக்கல் படித்தவன் என்பதால் அவனுக்கு இது பிடித்திருந்தது. பாறையை அறுக்க அறுக்க பிட்டும் தேயும், விட்டம் சுருங்கும். 400 அடி வரை தேய்ந்த பிட்டில் ஓட்டிவிட்டு, அங்கே புது பிட்டை மாட்டினால் சுருங்கின துளைக்குள் அது ஆப்பு மாதிரி மாட்டும். ஆகவே பெரிய விட்டத்தில் ஆரம்பித்து, மாற்றும்போது அதைவிடத் தேய்ந்ததைத்தான் மாட்ட வேண்டும். லாரியில் பிட்டுகளை அளந்து வரிசையாக வைக்காத வண்டியில் வேலைக்குச் சேராதே என்றேன்.

காற்றுக்கும் ஒரு எல்லை உண்டு. துளையில் நிற்கிற தண்ணீர் ஒவ்வொரு அடிக்கும் 0.433 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்கிற அழுத்தக் கணக்கு) வீதம் திருப்பி அழுத்தும். 300 பிஎஸ்ஐ கம்ப்ரசர் 700 அடித் தண்ணீர்த் தூணைக் கூடத் தூக்க முடியாது. நல்ல தண்ணீர் பட்ட போரில் ராடு மாட்ட நிறுத்திவிட்டு, பேச்சுப் பராக்கில் விட்டால் தண்ணீர் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மறுபடி காற்றைத் திறந்தால் வண்டி முக்கும். சின்ன கம்ப்ரசர் வைத்துக்கொண்டு 1000 அடி ஒப்புக்கொள்கிறவரை நம்ப வேண்டாம்.

இனி இன்ச் கணக்கு. தண்ணீர் வந்ததும் வாய்க்கால் வெட்டி, வி வடிவத்தில் வெட்டின தகட்டை வைத்து, எத்தனை அங்குல உயரம் ஓடுகிறது என்று பார்ப்போம். இதில் நம் ஆட்கள் பலருக்கும் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது: இரண்டு இன்ச் என்றால் ஒரு இன்ச்சைப் போல் இரண்டு மடங்கு என்று. இல்லை. 90 டிகிரித் தகட்டில் ஒரு இன்ச் ஓடினால் மணிக்குச் சுமார் 500 லிட்டர். இரண்டு இன்ச் என்றால் 2,900 லிட்டரை ஒட்டி, ஐந்தரை மடங்குக்கு மேல். மூன்று இன்ச் 8,000 லிட்டருக்குப் பக்கம். அரை இன்ச் என்பது மணிக்கு 90 லிட்டர், நாலைந்து குடம். "ஒண்ணரை இன்ச் வந்துச்சு" என்று ஏஜென்ட் சொல்லும்போது தகட்டைக் குனிந்து பாருங்கள், எந்தக் கோணத்தில் வெட்டியிருக்கிறது, தண்ணீர் தெளிந்து ஒரே சீராக ஓடுகிறதா என்று. போர் போட்ட உடனே காற்றின் வேகத்தில் வருவது வேறு, அரை மணி ஊதின பிறகு நிற்பது வேறு.

துளையே தொட்டி என்று நினைப்பவர்களும் உண்டு. ஆறரை இன்ச் துளையில் 100 அடிக்கு 650 லிட்டர்தான் பிடிக்கும். வெடிப்பிலிருந்து ஊறி வராவிட்டால், 1000 அடி நிறைய நின்றாலும் பெரிய மோட்டார் ஒரு மணிக்குள் குடித்துவிடும். "ஆழம் போட்டா தண்ணி சேந்து நிக்கும்ல?" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

இதையெல்லாம் அவன் ஆர்வமாகக் கேட்டான். அடுத்ததைச் சொல்லும்போதுதான் எனக்கு நாக்குத் தயங்கியது.

எங்களுக்குக் கூலி அடிக்கணக்கு. முதல் 300 அடிக்கு ஒரு ரேட்; அதற்குக் கீழே ஒவ்வொரு 100 அடிக்கும் ரேட் ஏறும். ஆழம் போகப் போக டீசலும் தேய்மானமும் கூடும் என்பது நிஜம். ஆனால் கடினப் பாறையில் ஆழம் போகப் போக, மேல் பாரத்தில் வெடிப்புகள் இறுகி, தண்ணீர் படும் வாய்ப்புக் குறைந்துகொண்டே போவதும் நிஜம். அதாவது விவசாயிக்கு நம்பிக்கை குறைகிற அடியில்தான் எங்களுக்குக் காசு அதிகம். தண்ணீர் வந்தாலும் காசு, புகையே வந்தாலும் காசு. "இன்னும் ஒரு நூறு போட்டுப் பாத்துடலாங்களா?" என்று கேட்கிறவர் தலையை ஆட்ட எங்கள் வாயிலிருந்து ஒரே ஒரு "பாக்கலாங்க" போதும்.

பெரும்பாலை பக்கம் ஒருத்தர். முதல் இரண்டு போர் வேறு வண்டி போட்டு வீண். மூன்றாவதுக்கு என்னைக் கூப்பிட்டார். 410-ல் கால் இன்ச் ஈரம். அப்புறம் 800 வரைக்கும் மாவுப் புகை, ஒரு தாளம் தப்பவில்லை. ராத்திரி இரண்டரை மணி. அவர் சம்சாரம் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. "போடுங்க" என்றார் அவர். நான் பேசாமல் இருந்தேன். டிரில்லர் என்னைப் பார்த்தான், நான் லாரியைப் பார்த்தேன். 1,060-ல் நிறுத்தினோம். ஒன்றுமில்லை. விடிந்ததும் மஞ்சள் பையிலிருந்து பணத்தை எண்ணி, இரண்டு கையாலும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அந்த மாதம் வண்டித் தவணை குறையில்லாமல் கட்டினேன்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பகலிலேயே, வீட்டில் எல்லோரும் இருக்கும்போது, எத்தனை அடி என்று பேசி நோட்டில் எழுதிவிடுவது. அந்த அடிக்கு மேல் ராத்திரியில் பேச்சு இல்லை. வெடிப்பின் அடையாளம் ஏதாவது தெரிந்தால் மட்டும் ஒரு 40 அடி. வேண்டுமானால் ஒரு வாரம் கழித்துக் கூப்பிடுங்கள், வந்து இறக்குகிறேன் என்பேன். பங்குதாரருக்கு இதில் வருத்தம்தான்.

இப்படிச் சொல்வதால் நான் ஏதோ தர்மவான் ஆகிவிடவில்லை. மத்தூர் பக்கம் ஒரு மாந்தோப்புக்காரரிடம் 700-ல் "போதுங்க" என்று சொல்லி ராடை ஏற்றிவிட்டேன். அவருக்கு மனசு ஆறவில்லை. அடுத்த மாதம் வேறு வண்டி அதே துளையில் இறங்கியது. 760-ல் இரண்டு இன்ச். இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் பெங்களூரா மரங்கள் பச்சைப் பசேல் என்று நிற்கும். அவர் கண்ணில் நான் தொழில் தெரியாதவன். எந்த அடியில் போதும் என்று சொல்வது? புகை பாதி சொல்லும், மீதியை யாரும் சொல்ல மாட்டார்கள்.

தண்ணீர் வந்துவிட்டால் கதை முடிந்தது என்றும் இல்லை. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து ஆள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கோடு தெரியும். எனக்கும் உண்டு. பாறையில் இருக்கிற புளோரைடு மெதுவாகக் கரைந்து வருவதால் வந்தது. பாறையோடு எவ்வளவு காலம் தண்ணீர் கிடக்கிறதோ அவ்வளவு ஏறும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது. நாள்பட்டால் எலும்பையே வளைத்துவிடும். காய்ச்சினால் போகாது, சுண்டக் காய்ச்சினால் கூடும். ஜப்பான் கடனில் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் ஓட ஆரம்பித்ததற்கு இந்தப் பல்தான் காரணம். ஆகவே குடிக்கப் போர் போடுகிறவரிடம் "ஒரு பாட்டில் தண்ணியக் குடிநீர் வாரியம் லேபுல குடுத்துப் பாருங்க" என்று சொல்வதும் எங்கள் வேலை. பில்லில் வராத வேலை என்பதால் முக்கால்வாசிப் பேர் சொல்வதில்லை.

வீணான துளையை மூடுவதும் அப்படித்தான். 2010-லேயே உச்ச நீதிமன்றம் எல்லாம் சொல்லியிருக்கிறது: 15 நாள் முன்னால் தகவல், பதிவு பெற்ற வண்டி, வேலை நடக்கும்போது வேலி, பலகை, கேசிங்கைச் சுற்றி அரை மீட்டர் சதுரத்தில் தரைக்கு மேல் 30 செ.மீ., கீழே 30 செ.மீ. கான்கிரீட், வாய்க்கு மூடி. கைவிட்ட துளையை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயசுக் குழந்தை விழுந்தபோது நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இணையாகக் குழி தோண்ட வந்த ரிக் பாறையில் திணறியதைப் பார்த்து எல்லோரும் கோபப்பட்டார்கள். எங்கள் வண்டி ஆட்கள் யாரும் பேசவில்லை. அந்தப் பாறை எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அதைவிட, எங்கெங்கே எந்தத் துளையைச் சாக்கு வைத்து மூடிவிட்டு வந்தோம் என்று ஒவ்வொருத்தனும் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் நானும் டிரில்லரும் இரண்டு டூ வீலரில் ஒன்பது காட்டுக்குப் போனோம். ஏழு துளையைச் சரிசெய்தோம். இரண்டு எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒன்று லேஅவுட்டுக்குள் போய்விட்டது.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக: கல் பொடியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்குப் போனால் வெளியே வராது. துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது, நல்ல மாஸ்க் வேண்டும். எனக்கு லீவர் கைப்பக்கத்துக் காது பாதிதான் கேட்கும். ஜனவரியிலிருந்து ஜூன் வரை தூக்கம் கிடையாது, ஐப்பசி கார்த்திகையில் வேலை கிடையாது. "மாங்கா வித்து தர்றேன்" என்ற பாக்கி மூன்று மாங்காய் சீசன் தாண்டியும் நோட்டில் நிற்கும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு "எப்பங்க மாமா வரட்டும்?" என்றான். மாஸ்க்கை அக்காவே வாங்கிக் கொடுத்தாள்.

முதல் ராத்திரி மாரண்டஅள்ளி பக்கம். 650 அடி என்று பேச்சு. விவசாயியின் அம்மா, எழுபதைத் தாண்டியவர், புகை படாத தூரத்தில் புளிய மரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்துவிட்டார். முந்தானையில் ஒரு முடிச்சுப் புளியங்கொட்டை. ஒரு ராடு இறங்கினால் ஒரு கொட்டையைப் பக்கத்துக் கல் மேல் வைப்பார். இந்த மாதிரிக் கிழவிகள் இருக்கிற வீட்டில் எனக்குப் பில் போடுவது சுலபம்.

540-ல் தாளம் தட்டியது. காவியேறிய சில்லு, அப்புறம் நுரை, அப்புறம் கலங்கல் தண்ணீர். தகட்டில் ஒன்றே கால் இன்ச். விடியற்காலம் நாலு மணிக்கு மருமகன் நோட்டைப் பார்த்துக் கத்தினான், "34 ராடு மாமா, 680 அடி!"

"ஏஞ்சாமி, முப்பத்திமூணுதானே" என்றார் அந்த அம்மா.

"இல்லீங்க பாட்டி, நான் எழுதி வச்சிருக்கறேன்."

"எழுதுனா? ராடு மேல ஏறி வருமில்ல, எண்ணு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ராடு ஒவ்வொன்றாக ஏறிவந்து லாரி ரேக்கில் விழ விழ, அவன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு எண்ணினான். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டையைக் கல்லிலிருந்து எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டே வந்தார். கடைசி ராடு வந்தபோது கல் மேல் ஒன்றும் மிச்சமில்லை. அவன் 34-ஐ அடித்து 33 என்று எழுதி, 680-ஐ 660 ஆக்கி, நோட்டை என்னிடம் காட்டாமல் நேராக அவரிடம் கொண்டுபோய்க் காட்டினான்.

"எனக்குப் படிக்கத் தெரியாது சாமி" என்று சொல்லிவிட்டு, முடிச்சை இறுக்கிக் கட்டிக்கொண்டு, டீ வைக்க எழுந்து போனார்.